வெற்று மாதிரி

ஜுபைலில் ஜூலை. ஆய்வகத்தின் பின்கதவைத் திறந்தால்
காற்று இல்லை, கொதிகலனின் மூச்சு.
உள்ளே அறுபத்தைந்து டிகிரியில்
எண்ணெய்த் தொட்டிக்குள் குடுவை.
இரவெல்லாம் சுற்றிய காந்தக் குச்சி
நாலரை மணிக்கு நின்றுவிட்டது.
நின்றால் நல்ல செய்தி:
திரவம் கூழாகி, கூழ் இறுகி,
தனித்தனியே அலைந்த மூலக்கூறுகள்
கைகோத்துக்கொண்டன என்று பொருள்.

அதை உடைப்பேன், கழுவுவேன், உலர்த்துவேன்,
ரவைப் பதத்துக்குச் சலிப்பேன்.
அழுகிய முட்டைகோஸ் நாற்றம்
சட்டையோடு முகாமுக்கு வரும்.
பேருந்தில் என் பக்கத்து இருக்கை
எப்போதும் காலி.

டாக்டர் ஹாத்திம், சூடான்காரர்,
தன் பாலிமருக்குக் கொடுக்கு உண்டு என்பார்,
இரு விரலை நண்டு மாதிரி விரித்து.
சோடியம் போகட்டும், கால்சியம் போகட்டும்,
பாதரசம் வந்தால் கவ்வு, ஈயம் வந்தால் கவ்வு.
அமிலம் ஊற்றினால் விட்டுவிடு. மறுபடி கவ்வு.
மூன்று சுற்று சொன்னபடி கேட்டது.
நான்காவதில் பிடித்ததை விடவில்லை.
ஐந்தாவதில் எதையும் பிடிக்கவில்லை.
"மனுஷனுக்கும் இதே கதைதான்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
குறுக்கிணைப்பானைக் குறைக்கச் சொன்னார்.

குறைத்தேன். பதினேழாவது தொகுதி
ஒன்பது சுற்று தாங்கியது.

செம்பைப் பிடித்தால் மணிகள்
மயில்துத்த நீலமாகும். நிக்கல் என்றால் பச்சை.
ஈயத்தைப் பிடித்தால் ஒன்றும் தெரியாது,
அதே வெளுத்த ரவை.
கருவி சொன்னால்தான் உண்டு.

ஒப்பிட ஒரு வெற்று மாதிரி வேண்டும்,
எந்த உலோகமும் இல்லாத தண்ணீர்.
அன்று சுத்திகரிப்பான் பழுது.
என் பையில், முகாமின் குளிர்நீர்க் குழாயில்
பிடித்த பாட்டில், பாதி குடித்தது.
சோம்பல்தான். அதை ஊற்றினேன்.
கருவி உறிஞ்சியது. சுடர் ஒருமுறை நடுங்கியது.
நூறு கோடிக்கு முப்பத்தெட்டு.
ஈயம்.
பத்துக்கு மேல் ஆகாது என்றது
சுவரில் நானே ஒட்டிய தாள்.

மறுபடி ஊற்றினேன். முப்பத்தேழு.
புதுப் பாட்டிலை அமிலத்தில் அலசி
மறுநாள் அதே குழாயில் பிடித்தேன். நாற்பத்தொன்று.
ஆறு வருஷமாய் அந்தக் குழாய்க்குக் கீழே
குனிந்தவன் நான்.
எனக்குள் எது கவ்வி வைத்திருக்கிறது அதை,
எந்த எலும்பு?

யெமன்காரக் கிளார்க் அரபியில் புகார் எழுதிக் கொடுத்தார்.
மூன்றாம் நாள் குளிர்நீர்ப் பெட்டிக்குக் குறுக்கே
சிவப்பு நாடா ஒட்டினார்கள்.
அவ்வளவுதான். வேறு குழாய் வரவில்லை.
நூற்றறுபது பேர் இப்போது
கடையில் தண்ணீர் வாங்குகிறோம்.
சாரம் கட்டும் தில்பகதூர்
சிமென்ட் பையின் மேல் கணக்கெழுதிக் காட்டினான்:
மாதம் அறுபது ரியால்.
"உன் மெஷின் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்."
எதிர்க்கட்டில் லூர்துசேகர் என்னோடு பேசுவதையே விட்டான்.
ராத்திரியில் யாரோ நாடாவை விலக்கிக் குடிக்கிறார்கள்.
காலையில் அதன் ஓரம்
பசையிழந்து தொங்குகிறது.

மணிகளை ஒரு துணியில் முடிந்து
குழாய் வாயில் கட்டினால் என்ன என்று
ஹாத்திமைக் கேட்டேன்.
"குடிக்கும் நீருக்கு ஆகாது.
அது தன்னிடமிருந்து எதை விடுகிறது என்று
நாம் இன்னும் அளக்கவில்லை."
சரிதான்.
அளக்காததைத்தான் ஆறு வருஷம் குடித்தோம்.
கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.
"அளப்போம்" என்றார்.

குடுவையில் இப்போது பதினெட்டாவது தொகுதி.
குச்சி இன்னும் சுற்றுகிறது.

குறிப்பேட்டில் வெற்று மாதிரிக் கட்டத்தில்
எப்போதும் பூஜ்யம் எழுதிய கை.
அன்று முப்பத்தெட்டு எழுதியிருந்தேன்.
ஹாத்திம் அந்த எண்ணை அடிக்கவில்லை.
தலைப்பை அடித்தார்,
மேலே 'முகாம் நான்கு' என்று எழுதி
பக்கத்தில் தேதியிட்டார்.